சாமி பாட்டுக்கு டிரம்ஸ்!

சென்னையில் ராக் பேண்ட் ஆரம்பிப்பது ரொம்ப சுலபம். முடிப்பது அதைவிட சுலபம். நான் பார்த்த வரையில் பி.காம். இரண்டாம் வருஷத்தில் பிறக்கும். மூன்றாம் வருஷம் கல்ச்சுரல்ஸில் ஒரு கப் வாங்கும். எவனுக்காவது பெங்களூரில் வேலை கிடைத்த அன்று மண்டையைப் போட்டுவிடும். அப்புறம் பத்து வருஷம் கழித்து யாருடைய ரிசப்ஷனிலாவது பழைய மெம்பர்கள் சந்தித்து, “ஒரு நாள் ஜாம் பண்ணணும்டா” என்று தொப்பையைத் தடவிக்கொள்வார்கள். ஜாம் என்பது அதற்குள் பிரெட்டில் தடவுகிற சமாசாரமாகி இருக்கும்.

எங்கள் பேண்டும் அந்த ஜாதிதான். 2007ல் மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடியில் துவக்க விழா. நான் டிரம்ஸ். டிரம்ஸ் என்றால் ஒரு ஸ்னேர், ஒரு சிம்பல், மீதிக்கு என் கற்பனை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்: “பேண்டா? கல்யாணத்துக்கா, சாவுக்கா?”

மொத்தம் மூன்று கச்சேரி. 2009ல் நல்லடக்கம். கிடாரிஸ்ட் ஐ.டி.க்குப் போனான், பாஸிஸ்ட் சி.ஏ. எழுதப் போய் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். நான் தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கப் போனேன்.

அதே 2007ல், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், சாந்தோமில் இன்னொரு பேண்ட் ஆரம்பித்தது. என் கிளாஸ்மேட்தான் அதற்குத் தலை. கிடாரும் அவன், பாட்டும் அவன். எங்களோடும் ரெண்டு ப்ராக்டீஸுக்கு வந்தான். மூன்றாவது வாரம், “இல்ல மச்சி, சாயங்காலம் கோயிலுக்குப் போகணும்” என்றான். எங்கள் பாஸிஸ்ட் உடனே, “எனக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை பண்ணிடுடா, அக்கவுண்டன்சில அரியர் இருக்கு” என்றான். சாந்தோம் கத்தோலிக்கர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். மயிலாப்பூரில் இருந்துகொண்டு கபாலி கோயிலைத் தவிர வேறு கோயில் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

அந்த பேண்ட் இன்னும் இருக்கிறது! பதினெட்டு வருஷம் தாண்டியாச்சு. ஆல்பம் கிடையாது. டி.வி. கிடையாது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி திருவிழா, கிறிஸ்துமஸ் சீசன், பங்கு இளைஞர் கூட்டம், எப்போதாவது ஒரு கல்யாணம், ஞாயிறு பூசை. கிடாரில் டிஸ்டார்ஷன் போட்டு, டிரம்ஸை வெளுத்து வாங்கி, ஏசுவைப் பற்றித் தமிழில் பாடுகிறார்கள். சிலது அவனே கட்டிய பாட்டு. நன்றாகவே இருக்கும். அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட் போடுகிற வியாதி உண்டு. அந்த பேண்டின் கணக்கை ஒரு தடவை டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். வரவு: திருவிழாவுக்கு ஒரு கவர், உள்ளே இரண்டாயிரம். கூடவே பிரியாணி. செலவு: ப்ராக்டீஸ் ரூம் வாடகை, கிடார் ஸ்டிரிங், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர், டிரம் செட் ஏற்றுகிற குட்டியானை. அஞ்சு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு மாசம் எட்டு நூறு நஷ்டம். எந்தக் கம்பெனியும் மூன்றாம் வருஷமே கடையைக் கட்டியிருக்கும். இவன் பகலில் பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக் கடை ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். தீபாவளி சீசனில் ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லாவை முடித்துவிட்டு நேராக ப்ராக்டீஸுக்குப் போவான்.

எப்படி சார் இது? என் கேள்வி அதுதான்.

அவனைக் கேட்டால் சிரிப்பான். அதனால் வெளியே தேட ஆரம்பித்தேன். சாமி பாட்டு ராக் பேண்டுகளில் ரொம்ப காலம் தாக்குப்பிடித்தவை உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. இதில் முதல் ஆசாமிகளில் ஒருவர் அமெரிக்காவின் லாரி நார்மன். நீளத் தலைமுடி, எலெக்ட்ரிக் கிடார். 1969ல் ‘அப்பான் திஸ் ராக்’ என்று ஒரு ஆல்பம் போட்டார். சர்ச்சுக்காரர்களுக்கு அவர் ஹிப்பி. ஹிப்பிகளுக்கு அவர் பாதிரி. இந்த இரண்டு பக்கக் குத்துதான் அன்றிலிருந்து இன்று வரை இந்த வகை பேண்டுகளின் ஜாதகம். நம் நண்பனுக்கும் அதே ஜாதகம். எங்கள் காலத்தில் ராக் பசங்களின் கூடாரம் அடையாறு அன்வைண்ட் சென்டர். அங்கே போனால், “ஓ, சர்ச் பேண்டா?” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். சர்ச்சில் வாசித்தால் முன் பெஞ்ச் பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

முதல் வருஷம் அவன் எனக்கு ஒரு சி.டி. எரித்துக் கொடுத்தான். மார்க்கர் பேனாவில் ‘ஸ்விட்ச்ஃபுட்’ என்று எழுதியிருந்தது. ஏதோ எலெக்ட்ரிக்கல் கடை பெயர் மாதிரி இருக்கே என்று நினைத்துக்கொண்டே போட்டேன். ரெண்டாவது பாட்டுக்குள் அந்த சி.டி. எனக்குச் சொந்தமாகிவிட்டது.

இந்த ஸ்விட்ச்ஃபுட்டின் கதை நம் மாதிரி ஆபீஸ் ஆசாமிகளுக்கு ரொம்பப் பொருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் சான் டியேகோ. கடலோர ஊர். 1996ல் ஜான் ஃபோர்மன், டிம் ஃபோர்மன் என்று அண்ணன் தம்பி, கூட சாட் பட்லர் என்று ஒரு டிரம்மர். மூன்று பேரும் சர்ஃபிங் பைத்தியம். நம் கோவளத்தில் பசங்க பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறார்களே, அதே ஆட்டம். பலகையில் கால் மாற்றி நிற்பதற்குத்தான் ஸ்விட்ச்ஃபுட் என்று பெயர். மூவரும் விசுவாசிகள். ஆனால் சர்ச்சுக்கு மட்டும் பாடுவது அவர்கள் உத்தேசம் இல்லை. எல்லாரும் கேட்கிற பாட்டு, அதில் தங்கள் நம்பிக்கை உள்ளே இருக்கும், அவ்வளவுதான்.

சார்லி பீகாக் என்கிற தயாரிப்பாளரின் சின்ன லேபிளில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் ஆல்பம் 1997ல் வெளிவருவதற்குள் அந்த லேபிளை ஒரு பெரிய கிறிஸ்துவ இசைக் கம்பெனி வாங்கிவிட்டது. விளைவு? இவர்கள் சி.டி. போய் உட்கார்ந்தது பைபிளும் ஜெபமாலையும் விற்கிற கடைகளில். புத்தகக் கண்காட்சியில் நீங்கள் எழுதிய துப்பறியும் நாவலை ஆன்மிக ஸ்டாலில் வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? வாங்க வேண்டியவன் அந்தப் பக்கமே வரமாட்டான். வந்தவன் புரட்டிப் பார்த்து, “இதுல சாமியைக் காணோமே” என்பான்.

ஆறேழு வருஷம் அப்படியே ஓடியது. 2002ல் ‘எ வாக் டு ரிமெம்பர்’ படத்தில் இவர்கள் பாட்டுகள் வந்தன. பர்மா பஜார் டி.வி.டி. புண்ணியத்தில் நம்ம ஊர் காலேஜ் பசங்க பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்ட படம். அதில் மாண்டி மூர் உருகி உருகிப் பாடுவாரே, அதுவும் ஜான் ஃபோர்மன் எழுதியதுதான். அடுத்த வருஷம், 2003ல், ‘தி பியூட்டிஃபுல் லெட்டவுன்’. இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. 2004ல் ஸ்பைடர்மேன் இரண்டாம் பாகத்தின் பாட்டு ஆல்பத்திலும் இவர்கள் இருந்தார்கள்.

இங்கேதான் ஒரு சம்பவம். 2005ல் ‘நத்திங் இஸ் சவுண்ட்’ ஆல்பம் வந்தது. வெளியிட்டது சோனி பிஎம்ஜி. யாரும் காப்பி எடுக்கக்கூடாது என்று அந்த சி.டி.யில் ஒரு பூட்டு. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். காசு கொடுத்து வாங்கியவனுக்கே இந்த மரியாதை! அதைப் பார்த்து பாஸிஸ்ட் டிம் ஃபோர்மன் என்ன செய்தார் தெரியுமா? ரசிகர்களுக்கு வருத்தம் தெரிவித்து, அந்தப் பூட்டைத் தாண்டுவது எப்படி என்று அவரே வழியும் எழுதினார். படியளக்கிற முதலாளியின் பூட்டுக்குத் தொழிலாளியே சாவி கொடுத்த மாதிரி! அந்த வருஷக் கடைசியில் அந்தப் பூட்டு மென்பொருளின் லட்சணம் ஊருக்கே தெரிந்து, வழக்குகள் வந்து, சோனி பிஎம்ஜி அந்த ரக சி.டி.க்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

2007ல் பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்து, ‘லோயர்கேஸ் பீப்பிள்’ என்று சொந்தமாக ஒரு லேபிள் வைத்தார்கள். நிச்சயச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கடை போடுவதன் கஷ்டம், வீட்டு லோன் கட்டுகிற எவனுக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளாடி, 2009ல் ‘ஹலோ ஹரிக்கேன்’. அதற்கு 2011ல் கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில்? காஸ்பல் பிரிவில்! பதினாலு வருஷமாக “எங்களை அந்த அலமாரியில் வைக்காதீர்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, அதே அலமாரியிலிருந்து எடுத்து ஒரு விருது. வாங்கிக்கொண்டார்கள். என்ன செய்ய முடியும்? ஆபீஸில் உங்களுக்குப் பிடிக்காத செக்‌ஷனில் போட்டு, ‘சிறந்த ஊழியர்’ என்று ஷீல்டு கொடுத்தால் வேண்டாம் என்பீர்களா?

இன்னமும் பாடுகிறார்கள். நடுவில் ரெண்டு பேர் சேர்ந்தார்கள், அதில் ஒருவர் 2022ல் விலகினார். அண்ணன், தம்பி, டிரம்மர் மூவரும் அசையவில்லை. 2023ல், அந்த இருபது லட்சம் ஆல்பத்தை இருபது வருஷம் கழித்து முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார்கள். இருபதுகளில் பாடியதை நாற்பதுகளில் பாடியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் ‘ஏதோ நடக்கப் போகிறது’ என்கிற அவசரம். இரண்டாவதில் நடந்து முடிந்தவன் குரல். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. வயசாகிறது போல.

யூ2வும் கிட்டத்தட்ட இந்தக் கேஸ்தான் என்பது பல பேருக்குத் தெரியாது. 1976ல் டப்ளின் பள்ளிக்கூடம் ஒன்றின் நோட்டீஸ் போர்டில் பதினாலு வயசு லாரி மல்லன் ஒரு சீட்டு ஒட்டியதில் ஆரம்பித்த பேண்ட். நாலில் மூன்று பேர் ஒரு பைபிள் குழுவில் சேர்ந்து, 1981 வாக்கில் ‘ராக்கும் விசுவாசமும் ஒத்துப்போகாது, விட்டுவிடலாமா’ என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். விட்டிருந்தால் 2019 டிசம்பரில் நவி மும்பை ஸ்டேடியத்தில் நம்ம ரஹ்மானோடு அவர்கள் மேடை ஏறியிருக்க முடியாது.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. அவனுக்கு சி.டி. விற்றது, டாலர் வந்தது, தாக்குப்பிடித்தான் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். “மச்சி, ‘ஆரோமலே’ கேட்டிருக்கியா?” என்றான் நண்பன்.

கேட்டிருக்கியாவா? 2010. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’. தி.நகர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிக்கொண்டிருந்த அஞ்சு பசங்களும் ஆளுக்கொரு ஜெஸ்ஸியை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டேதான் டேலியில் என்ட்ரி போட்டோம். மலையாளத்தில் பாதி வார்த்தை புரியாது. அதனால்தான் அவ்வளவு சோகமாக இருந்தது. அதைப் பாடிய அல்ஃபோன்ஸ் ஜோசப், கேரளத்து ரெக்ஸ் பேண்டில் இருந்தவர்.

ரெக்ஸ் என்றால் லத்தீனில் அரசன். 1985ல் சர்வதேச இளைஞர் ஆண்டை ஒட்டி கேரளத்துக் கத்தோலிக்கப் பசங்க கூடியதில் ‘ஜீசஸ் யூத்’ என்கிற இயக்கம் கிளம்பியது. 2016ல் வத்திக்கான் வரை அங்கீகாரம் வாங்கியது. அந்த இயக்கத்தின் பாட்டுக் கிளையாகக் கொச்சியில் 1990ல் ஆரம்பித்ததுதான் ரெக்ஸ். கிடார், டிரம்ஸ், கீபோர்டு, கூடவே நம் பக்கத்துத் தாளமும் ராகமும். போப்பாண்டவர் வந்து நடத்துகிற உலக இளைஞர் நாள் என்று ஒரு பெருங்கூட்டம் உண்டு. டொராண்டோ 2002, கொலோன் 2005, சிட்னி 2008 என்று அதில் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். கழுத்தில் மாட்டிய கீபோர்டோடு மேடையில் துள்ளுவாரே ஸ்டீஃபன் தேவஸி, அவரும் ரெக்ஸில் வாசித்தவர்தான்.

கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்விட்ச்ஃபுட்டில் ஜான் ஃபோர்மன் போய்விட்டால் பேண்டே போச்சு. ரெக்ஸில் அப்படி இல்லை. அல்ஃபோன்ஸ் சினிமாவுக்குப் போனார், ஸ்டீஃபன் உலகம் சுற்றப் போனார், பேண்ட் பாட்டுக்கு நடந்தது. ஒருத்தர் இறங்க, ஒருத்தர் ஏற, 29சி பஸ் மாதிரி. இது நமக்குத் தெரியாத ஏற்பாடா? மார்கழி விடியற்காலையில் பாபநாசம் சிவன் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி பஜனை நடத்தினார். அவர் போனது 1973ல். பஜனை இன்னும் சுற்றுகிறது. குளிரில் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு யாரோ வருகிறார்கள், யாரோ தாளம் போடுகிறார்கள். சிவன் போய்விட்டாரே, வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் மொட்டை மாடி பேண்டுக்கு இந்த ரெண்டில் எதுவும் இல்லை. என்ன ஆனாலும் பிரியாத அண்ணன் தம்பியும் இல்லை. யார் போனாலும் வந்துவிடுகிற அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கைதட்டு இருந்தது, கொஞ்சம் பெண்கள் பார்த்தார்கள். அது ரெண்டு வருஷத்துக்குத் தாங்கியது. மோசமில்லை என்றுதான் சொல்வேன்.

நண்பனின் பேண்டுக்கு இப்போது ரெண்டு சோதனை ஒரே சமயத்தில்.

முதல் சோதனை, சத்தம். அவர்கள் வாசிக்கிற கோயிலுக்குப் புது ஃபாதர் வந்திருக்கிறார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பெரியவர்கள் அவரை மடக்கி, “பூசையா, டிஸ்கோவா ஃபாதர்?” என்று கேட்டுவிட்டார்கள். மறு வாரமே டிரம் செட்டைப் பீடத்துப் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. பேண்டில் சின்னவர்கள் ரெண்டு பேர் கொதித்துப்போய், வேறு இடம் பார்க்கலாம், சுவிசேஷ சபைகளில் கூப்பிட்டு மரியாதை செய்வார்கள் என்று ஆரம்பித்தார்கள்.

நண்பன் கொதிக்கவில்லை. அவனுக்குத் தஞ்சாவூர்ப் பாட்டி ஒருவர் உண்டு. அவர் சொல்லி வளர்த்த கதை ஒன்றை எடுத்து விட்டான். வேதநாயகம் சாஸ்திரியார் கதை. 1774ல் பிறந்து தொண்ணூறு வயசு வாழ்ந்த மனுஷர். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். சரபோஜி மன்னரோடு பழகியவர். ஏசுவைப் பற்றி ராகம் தாளத்தோடு கீர்த்தனைகள் எழுதிக் குவித்தார். 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகளுக்கும் அவருக்கும் பெரிய தகராறு. பல விஷயங்களில் சண்டை. அதில் ஒன்று, கோயிலுக்குள் இந்தக் கீர்த்தனைகளைப் பாடக்கூடாது என்பது. ஐரோப்பிய மெட்டுதான் பக்தி, நம்ம மெட்டு கச்சேரி!

“இப்ப அந்தக் கீர்த்தனையைப் பாடினா இதே பெரியவங்க கண்ணை மூடிக்கிட்டு அழுவாங்க. எங்களைப் பார்த்து, ‘பாட்டுன்னா அது, நீங்களும் வாசிக்கிறீங்களே’ன்னு திட்டுவாங்க. இருநூறு வருஷம் பொறுத்தா நம்ம டிஸ்டார்ஷனும் பழைய பாட்டாயிடும்டா” என்றான் அவன்.

இருநூறு வருஷம்! இவன் ஸ்டிரிங் மாற்றவே காசில்லாமல் இருக்கிறான்.

கடைசியில் சமரசம் நடந்தது. டிரம் செட் வெளி மேடைகளுக்கு மட்டும். பூசைக்குக் கஹோன். தெரியாதவர்களுக்கு: கஹோன் என்பது ஒரு மரப்பெட்டி. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, குனிந்து, முன்பக்கப் பலகையைக் கையால் தட்ட வேண்டும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் பிறந்த வாத்தியம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சரக்குப் பெட்டிகளைத் தட்டி வாசிக்கப்போய் வந்தது என்கிறார்கள். ஓரத்தில் தட்டினால் ஸ்னேர், நடுவில் தட்டினால் பேஸ். பாட்டிகள் காதுக்குச் சம்மதம். சின்னவர்கள் ஒரு மாசம் முறைத்தார்கள். அப்புறம் அவர்களே, “இதுல நல்லா க்ரூவ் வருதுண்ணா” என்றார்கள்.

இரண்டாவது சோதனைதான் நிஜமான சோதனை. பதினெட்டு வருஷமாகக் கூட இருந்த டிரம்மர் கனடாவுக்குக் கிளம்பிவிட்டான். குடும்பத்தோடு, பி.ஆர். கிடைத்து. யாரும் தப்பு சொல்ல முடியாது. ஏர்போர்ட்டில் அவனை ஏற்றிவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு நண்பன் எனக்குப் போன் பண்ணினான். அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. ரொம்ப நேரம் கனடா குளிரைப் பற்றியே பேசினான். அப்புறம், “அவன் இல்லாம வாசிச்சதே இல்லடா. கண்ணைப் பார்த்தா போதும், எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியும்” என்றான். ரெக்ஸ் மாதிரி ஆள் மாறினாலும் ஓடும் பேண்ட் என்று நான் இவனைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் வராத ஒரு ஐட்டம் இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் மறுபடி போன். இந்தத் தடவை பழைய குரல்.

“மச்சி, வேளாங்கண்ணி திருவிழா வருது. ஆகஸ்ட் 29 கொடியேத்தம். ஒன்பது நாளைக்குள்ள ஒரு நாள் நமக்கு ஸ்லாட் குடுத்திருக்காங்க. புதுப் பையன் ஒருத்தன் பழகறான், ஆனா அதுக்குள்ள ரெடியாக மாட்டான். நீ வாசிக்கிறியா?”

“டேய், நான் கிறிஸ்டியனே இல்லடா.”

“அது எனக்குத் தெரியாதா? டெம்போ விடாம வாசிப்பியா, அதைச் சொல்லு.”

“கையைத் தொட்டே பதினஞ்சு வருஷம் ஆச்சு.”

“அதான் மூணு வாரம் இருக்கே.”

வீட்டில் யோசனை கேட்டேன். மனைவி, “உங்களுக்கு இப்பவே முதுகு வலி, அதுல குனிஞ்சு வேற வாசிக்கணுமா?” என்று நியாயமான சந்தேகம் எழுப்பினாள். அப்பா இப்போது பேப்பரை மொபைலில் படிக்கிறார். மொபைலை இறக்காமலே, “மாதா கோயில்தானே, போயிட்டு வா. பக்கத்துலயே அஷ்டலட்சுமி கோயிலும் இருக்கு, ரெண்டையும் முடிச்சுடலாம்” என்றார்.

போன வாரம் முதல் ப்ராக்டீஸ். நாலு பாட்டில் மூன்றில் டெம்போ ஓடிவிட்டது. நாலாவதில் நண்பன் கிடாரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சின்னப் பையன் ஒருவன் வந்து, “அண்ணே, அவர் இடது கால் தட்டறதைப் பாருங்க, நின்னா நிறுத்திடுங்க” என்று காதில் சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் காலையே பார்த்து வாசித்தேன். தேய்ந்த ரப்பர் செருப்பு. ஒரு தடவை கூட ஏமாற்றவில்லை.

வீட்டில் பழகச் சொல்லிக் கஹோனைக் கொடுத்துவிட்டிருக்கிறான். 29சி-யில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்கு கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். இப்போது அது ஹாலில் இருக்கிறது. என் பையன் அதன் மேல் உட்கார்ந்துதான் கார்ட்டூன் பார்க்கிறான். இறங்கச் சொன்னால் குதிகாலால் பலகையில் நாலு போடு போடுகிறான். டெம்போ என்னவோ எனதை விடச் சரியாக இருக்கிறது.